மீதியைச் சாரே படிப்பார்

என் முதல் தொகுப்பு வந்த மாதம், அதிலிருந்து படிக்க எனக்கென்று ஒதுக்கிய நேரத்தில், என் கவிதையை வேறொருவர் படித்தார். ஹாலே சிரித்தது. அன்று முதல் அந்த மனிதரை நான் பல வருடங்கள் சலிக்காமல் வெறுத்தேன். வெறுப்பு ஆறிப்போகும் என்பார்கள். என்னுடையது ஆறவில்லை. அதை நானும் ஆற விடவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதன் மாடி ஹாலில் கவிதைக் கூட்டம் நடக்கும். டைப்ரைட்டர்களை உறை போட்டுச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நாற்காலி போடுவோம். ஜன்னலுக்கு அப்பால் ரயில் பாதை. மின்சார ரயில் கடக்கும்போது படிக்கிறவர் நிறுத்திக்கொள்வார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். இன்ஸ்டிடியூட்காரர் வெண்பா எழுதுகிறவர். எங்களுடைய புதுக்கவிதை ஒன்றுகூட அவருக்குப் பிடித்ததில்லை. ஆனாலும் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வாங்க வாங்க என்று கூப்பிடுவார்.

கூட்டத்தை நடத்தியவர் வங்கியில் அதிகாரி. சேலையூரில் வீடு. எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'. அப்போதே இரண்டு தொகுப்பு போட்டிருந்தார். அவருடைய கவிதைகளைவிட அவருடைய குரல்தான் பிரசித்தம். மைக் வேண்டாம். கீழே டீக்கடையில் நிற்பவருக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். சுமாரான வரியைக்கூட அந்தக் குரலில் ஏற்றிச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுவார்.

நான் பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். இரும்புலியூரில் நானும் அம்மாவும் இருந்தோம். அதற்கு முந்தைய வருடம் வரை தங்கையும் இருந்தாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஸ்கூலிலிருந்து வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. எல்லோரும் குனிந்து நுழைந்து போவதுபோல அவளும் போயிருக்கிறாள். போலீஸ்காரர் ஒரு செருப்பைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அதைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

இது அவளுடையதா
என்று கேட்டார்.
ஆம்.
எங்கள் இருவருக்கும்
ஒரே அளவு.
கடையில்
இதைப் போட்டு நடந்து பார்த்தது
நான்.

அவ்வளவுதான் கவிதை. தங்கை என்ற சொல் அதில் இல்லை. ரயில் இல்லை. எழுத முடியாமல் விட்டதுதான். பிறகு அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

அன்று மூன்று பேரின் புதுத் தொகுப்புகள். எனக்கு முன்னால் இரண்டு பேர் படித்து முடித்தார்கள். என்னைக் கூப்பிடுவதற்கு முன் சார் என் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அதுவரை அவர் குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸை அதன்மேல்தான் வைத்திருந்தார். அட்டையில் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

"இப்பல்லாம் கவிதை எழுதறது ரொம்ப சுலபம். ஒரு வாக்கியத்த எடுத்துக்க வேண்டியது, நாலா ஒடிச்சு ஒண்ணு கீழ ஒண்ணு போட வேண்டியது. ஒட்ட வெச்சுப் பாத்தா என்ன வருதுன்னு பாப்போமா?" என்றார்.

மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் அறிவிப்புபோல ஆரம்பித்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஒற்றைச் செருப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது." பிறகு என் வரிகளை மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாக அந்தத் தொனியிலேயே படித்தார். சிரிப்பு முன்வரிசையில் ஆரம்பித்துப் பின்னால் போனது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காதவர் இன்ஸ்டிடியூட்காரர் மட்டும்தான். அவருக்கு மட்டும்தான் நான் தங்கையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து நிறுத்தவில்லை.

"வாங்க, மத்தத நீங்களே படிங்க" என்று சார் என்னைக் கூப்பிட்டார். போனேன். வேறு ஏதோ மூன்று கவிதைகள் படித்தேன். என்ன படித்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

கூட்டம் முடிந்து நான் முதல் ஆளாகப் படியிறங்கினேன். திருப்பத்தில் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது மேலே பேச்சு கேட்டது.

"சார், அது அவங்க தங்கச்சி சார். போன வருஷம் கேட்டாண்ட ரயில்ல அடிபட்டுச்சே, அந்தப் பொண்ணு." இன்ஸ்டிடியூட்காரர்.

"அப்படியா?" இது சார். ஒரு கணம் நிறுத்தினார். "அதக் கவிதையில சொல்லணும்ல? நமக்கு எப்படித் தெரியும்?"

அந்த ஒரு கணம் அவர் நிறுத்தியது நல்ல மனிதர் மன்னிப்புக் கேட்பதற்கு முன் நிறுத்துவதுபோல இருந்தது. நான் படியிலேயே நின்று காத்திருந்தேன். மேலே பேச்சு அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போய்விட்டது.

சிரித்ததைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. தெரிந்த பிறகு சொன்ன வார்த்தையை மன்னிக்கவில்லை.

எனக்கு அங்கே ஒரு பெயரும் வந்துவிட்டது. 'கனிவான கவனம்.' பிளாட்பாரத்தில் பார்த்தால், "என்ன கனிவான கவனம், ஆபீஸா?" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். அம்மா ஒருமுறை கூட இருந்தபோது, "எதுக்குடி உன்ன அப்படிக் கூப்புடறாங்க?" என்று கேட்டாள். ஆபீஸில் போன் பேசுவதால் என்று சொல்லிவைத்தேன்.

கூட்டத்துக்குப் போவதை நான் விடவில்லை. விட்டிருந்தால் அவர் மறந்திருப்பார், நானும் ஒருவேளை மறந்திருப்பேன். ஒவ்வொரு மாதமும் போய் அவருக்கு நேரெதிரே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் கவிதை படிக்கும்போது முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் பார்ப்பேன். சின்னச் சின்ன அற்பத்தனங்களும் செய்தேன். ஹாலில் நின்ற பெரிய மின்விசிறியின் தலையை, அவர் தாளை எடுக்கும் நேரம் பார்த்து, அவர் பக்கம் திருப்பிவிடுவேன். தாள்கள் பறக்கும். அவர் குனிந்து பொறுக்குவார். அன்று ராத்திரி சோறு நன்றாக இறங்கும்.

அவருடைய மூன்றாவது தொகுப்பு வந்தபோது அதை வரிவரியாகப் படித்து ஒற்றுப்பிழைகளைத் தேடி எடுத்தேன். விவாத நேரத்தில் எழுந்து நின்று பக்கம் பக்கமாகச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கைகூப்பி, "கனிவான கவனத்தோட ப்ரூஃப் பாத்துருக்காங்க. அடுத்த புத்தகத்த அச்சுக்கு முன்னாடியே இவங்ககிட்ட குடுத்துடணும்" என்றார். ஹால் மறுபடியும் அவரோடு சேர்ந்து சிரித்தது. உட்கார்ந்தேன். அந்தக் குரல் இருக்கும்வரை அவரை ஒன்றும் செய்ய முடியாது என்று புரிந்தது.

இதற்கிடையில் என் குரலுக்கும் அங்கே ஒரு மதிப்பு வந்திருந்தது. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் பேசிப் பழகிய குரல். வர முடியாத கவிஞர்களின் கவிதைகளை நான் படிக்க ஆரம்பித்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்பது கைவந்திருந்தது. நான் படித்தால் யாரும் இருமுவதுகூட இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சார் சில மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. ஒருநாள் ரயிலில் இன்ஸ்டிடியூட்காரரைப் பார்த்தேன். "விஷயம் தெரியுமாம்மா? சாருக்குத் தொண்டையில ஆபரேஷன். குரல் போயிடுச்சு. வெறும் காத்துதான் வருது" என்றார்.

"அடடா" என்றேன். தாம்பரத்தில் இறங்கி நேராக ஸ்வீட் ஸ்டாலுக்குப் போய் ஜாங்கிரி வாங்கினேன். வீட்டில் அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்றாள்.

"சும்மாதான். சாப்பிடணும்போல இருந்துச்சு."

இதைப் படிப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தெரியும். ஜாங்கிரி நன்றாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு காலை அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட அவர் மனைவி. அவர் பாதியாக இளைத்திருந்தார். கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு. தங்கையின் படத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். மனைவிதான் பேசினார்.

"இவரோட புதுத் தொகுப்பு வந்துருக்கு. அடுத்த கூட்டத்துல வெக்கலாம்னு சொல்றாங்க. இவரால படிக்க முடியாது. யார் படிக்கணும்னு கேட்டதுக்கு உங்க பேரத்தான் எழுதிக் காட்டினார். உங்க குரல்ல கேக்கணும்னு ஆசப்படறார்."

சார் தலையசைத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அந்த அம்மா நிமிர்ந்து படத்தைப் பார்த்து, "தங்கச்சியா? உங்க ஜாடையே இருக்கே" என்றார்.

"ஆமா. ரயில்ல அடிபட்டுட்டா."

சார் திரும்பி அண்ணாந்து படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கையை நெஞ்சில் வைத்து, பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அந்த முகத்தை நான் நன்றாகத் தேடினேன். அதில் ஒன்றுமே இல்லை. செருப்பும் இல்லை, மாடிப்படியும் இல்லை. சுத்தமாக மறந்திருந்தார். அந்த நிமிடம்தான் நான் முடிவு செய்தேன்.

"கண்டிப்பா படிக்கிறேன் சார்" என்றேன். அம்மா அவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

தொகுப்பை வாங்கி வைத்துக்கொண்டு பயிற்சி செய்தேன். முதலில் நினைத்தது எல்லாவற்றையும் ஸ்டேஷன் அறிவிப்பாகப் படித்துவிடுவது. இரண்டு தடவை செய்து பார்த்ததும் சரிவராது என்று தெரிந்தது. நோயாளியைக் கிண்டல் செய்கிறாள் என்று கூட்டம் அவர் பக்கம் போய்விடும். கூட்டம் முதலில் என்னிடம் வரவேண்டும்.

அந்தத் தொகுப்பில் என்னை எரிச்சல்படுத்திய விஷயம் ஒன்று இருந்தது. கவிதைகள் முன்பைவிட நன்றாக இருந்தன. குரலை நம்பி எழுத முடியாததால் இருக்கலாம். ஒன்று உண்மையிலேயே நல்ல கவிதை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர், மனைவியைக் கூப்பிடக் கரண்டியால் தம்ளரைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து வர்றேன் என்கிறாள். இத்தனை வருடத்தில் நான் வாயால் கூப்பிட்ட எதற்கும் அவள் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்று முடியும். அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கட்டிலில் வீசினேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன். பயிற்சியில் அது எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

கூட்டத்தன்று ஹால் நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். சாருக்காகவே பழைய ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். காட்டாங்குளத்தூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் வந்திருந்தார்கள். முதலில் அனகாபுத்தூரிலிருந்து வந்த ஒருவர் தன் புதுத் தொகுப்பிலிருந்து படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சாரும் மனைவியும் முன்வரிசையில் இருந்தார்கள்.

முதல் நான்கு கவிதைகளை என்னால் முடிந்த அளவு நன்றாகப் படித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் படித்ததில்லை. மூன்றாவது கவிதையிலேயே சாரின் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான்காவது முடிந்ததும் நீண்ட கைதட்டல். அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

"அடுத்ததுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். "இதே ஹால்ல, சில வருஷம் முன்னாடி, என்னோட கவிதை ஒண்ண சார் படிச்சார். எப்படிப் படிச்சார்னு இன்னிக்கு வந்த புது ஆளுங்களுக்குத் தெரியாது. அதனால படிச்சுக் காட்டறேன்."

மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்தேன். அவருடைய ஏற்ற இறக்கம் ஒன்றைக்கூட விடவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். பழைய ஆட்களும் இரண்டொருவர் பழக்கத்தில் சிரித்துவிட்டார்கள். சாரும் முதலில் புன்னகைத்தார். பாதியில் அந்தப் புன்னகை நின்றது.

"இப்ப அத எழுதின மாதிரி படிக்கிறேன்" என்றேன். படித்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தினேன். 'நான்' என்ற கடைசிச் சொல்லுக்கு முன்னால் மிக நீளமாக நிறுத்தினேன். ஹாலில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

"அது என் தங்கச்சியோட செருப்பு. சாருக்கு அது தெரியும். அன்னிக்கே மாடிப்படியாண்ட நம்ம இன்ஸ்டிடியூட்காரர் அவர்கிட்ட சொன்னார். அதக் கவிதையில சொல்லணும்லன்னார்."

வாசலில் நின்ற இன்ஸ்டிடியூட்காரரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

புத்தகத்தை மூடி சார் முன்னால் இருந்த மேஜையில் வைத்தேன். "மீதியைச் சாரே படிப்பார்" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்ஸ்டிடியூட்காரர் முன்னால் வந்து, "சார், நான் படிக்கட்டுமா?" என்று புத்தகத்தை எடுக்கப் போனார். சார் அவர் கையைத் தள்ளினார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சார் எழுந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றார். படிக்க ஆரம்பித்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. கழுத்து நரம்பு புடைக்க உதடுகள் மட்டும் அசைந்தன. நடுவில் ஒரு ரயில் போனது. பழக்கம் விடாமல் நிறுத்தினார். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நிறுத்தியதும் தொடர்ந்ததும் ஒன்றுபோலவே இருந்தது.

என்ன படிக்கிறார் என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. தம்ளர் கவிதை. உதட்டைப் பார்த்தே வரி வரியாக என்னால் கூடப் போக முடிந்தது. இப்போது கரண்டியால் தட்டுகிறார். இப்போது அவள் வர்றேன் என்கிறாள். எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று அந்த வரிகளை உரக்கச் சொல்லியிருக்கலாம். புத்தகம்கூட எனக்குத் தேவைப்பட்டிருக்காது. மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி வரிவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தார். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் யாரோ இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினார்கள். அவர் என்னைப் பார்த்தார். இப்போது எல்லாம் ஞாபகம் வந்திருந்தது. அது போதும் எனக்கு.

கீழே டீக்கடைக்காரர், "இன்னாம்மா, மேல சத்தமே காணோம். கூட்டம் அதுக்குள்ள முடிஞ்சிச்சா?" என்றார். முடிந்தது என்றேன். எனக்குப் பின்னால் அவர்கள் இருவரும் மெதுவாகப் படியிறங்கி வந்தார்கள். அந்த அம்மா என் அருகில் நின்றார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

"நாலு கவிதை நல்லாப் படிச்சீங்க" என்றார். "உங்க வூட்டுக்கு வந்தமே, அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா கேட்டுருக்கலாம். நான் கேட்டுருப்பேன்."

"அன்னிக்குக் கேட்டுருந்தா நாம நாலு பேருக்குத்தான் தெரிஞ்சிருக்கும். அவர் என்னப் பாத்துச் சிரிக்க வெச்சது ஹால் முழுக்க" என்றேன்.

அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்து ரிக்ஷாவில் ஏற்றினார். சார் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவேயில்லை. சேலையூர் பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மாவைச் சில தடவை பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் கவிதைகளைக் கேட்டதே இல்லை. "என்னா எழுதன, சொல்லு" என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு, "நோயாளிய நிக்க வெச்சிருக்க வேணாம்" என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "ஆனா சிரிச்சானுங்களா? அவள வெச்சா சிரிச்சானுங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த மாதம் நான் வழக்கம்போல் போனேன். இன்ஸ்டிடியூட்காரர் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்றார், என்னைத் தவிர. எனக்கு இரு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. யார் முதலில் படிப்பது என்று கேட்டபோது கை தூக்கினேன். எழுந்துபோய் ஒரு புதுக் கவிதையைப் படித்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கனிவான கவனம் என்று கூப்பிடவில்லை. உண்மையில் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

இன்ஸ்டிடியூட் பிறகு கம்ப்யூட்டர் சென்டர் ஆனது. கூட்டமும் நின்றது. சார் இறந்துபோன செய்தியை யாரோ சொன்னார்கள். நான் போகவில்லை. அவர் படிக்கக் கொடுத்த பிரதியை அன்று மேஜையிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன், யாரும் திருப்பிக் கேட்கவில்லை. தம்ளர் கவிதை இன்னும் எனக்கு மனப்பாடம். பல கூட்டங்களில், வேறு ஊர்களில், உங்களுக்குப் பிடித்த கவிதை ஒன்று சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அதுதான் முதலில் வாயில் வந்து நிற்கும். வேறு யாருடையதையாவது சொல்லிவிட்டு வருவேன்.